‘அக்கா, என் படத்தை ஏஐ எடுத்துக்கிச்சா?’: ஓவியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினாறு வருடமாகச் சிறுவர் புத்தகங்களுக்கும் அட்டைகளுக்கும் படம் வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றி உட்கார்ந்து வரைகிற ஒரு சின்னக் கூட்டம் எங்களுடையது. முன்பெல்லாம் எந்தக் கடையில் பிரஷ் மலிவு, எந்தப் பேப்பரில் வாட்டர்கலர் ஊறாது என்று பேச்சு போகும். இரண்டு வருடமாக ஏஐ பேச்சுதான். வீட்டுக்கு வந்தால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அதே கேள்விகள் திரும்ப வரும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. கேஸ் என்று வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்கவேண்டும். இன்னொன்று, ‘காப்புரிமை’ என்ற சொல்லைச் சிலர் பேட்டன்டுக்கும் சிலர் காப்பிரைட்டுக்கும் போடுகிறார்கள். குழப்பம் வேண்டாம் என்று காப்பிரைட்டை இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

“ஏஐ ட்ரெயினிங்னா என்ன? என் படத்தை எங்கேயாவது சேவ் பண்ணி வெச்சிருக்காங்களா?”

முதலில் இணையத்தில் கிடக்கும் படங்களையும், அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் வார்த்தைகளையும் ஒரு நிரல் தானாகவே போய்ச் சேகரிக்கும். 2022இல் வெளியான லயான்-5பி என்ற பட்டியல் பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் சுமார் 585 கோடி படம்-சொல் ஜோடிகள். அந்தப் பட்டியலில் இருப்பவை படங்களின் இணைய முகவரிகளும் அவற்றுக்கான சொற்களும் மட்டும், படங்கள் இல்லை. அதை வைத்துப் பயிற்சி கொடுக்கிற நிறுவனம்தான் ஒவ்வொரு படத்தையும் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். ‘பிரதி எடுத்தார்களா’ என்ற கேள்விக்கு இதுதான் முக்கியமான இடம்.

அப்புறம் அந்தப் படத்தின்மேல் மணல் தூவுவதுபோல் புள்ளிகளைத் தூவிக் கலைப்பார்கள். கலைந்த படத்தை மறுபடி தெளிவாக்க மாடல், அதாவது பயிற்சி பெறும் அந்த ஏஐ நிரல், முயலும். எவ்வளவு தப்பியது என்று பார்த்துத் தனக்குள் இருக்கும் எண்களைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். இப்படியே கோடிக்கணக்கான தடவை. கடைசியில் மிஞ்சுவது அந்த எண்கள்தான், உங்கள் படங்களை அடுக்கிவைத்த ஃபோல்டர் எதுவும் உள்ளே இருக்காது. ஆனால் ‘உள்ளே ஒன்றுமே இல்லை’ என்றும் சொல்லிவிட முடியாது. பயிற்சித் தரவில் திரும்பத் திரும்ப வந்த சில படங்களை ஏறக்குறைய அப்படியே மாடலிலிருந்து வெளியே எடுத்து 2023இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

“ரெஜிஸ்டர் பண்ணலைன்னா எனக்கு உரிமையே கிடையாதா?”

உண்டு. வரைந்து முடித்த நொடியிலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. வரைந்தவர் இருக்கும்வரையும், அவர் காலத்துக்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை நிற்கும்.

பதிவு செய்தால் ஒரு வசதி. நாளைக்குத் தகராறு வந்தால் பதிவேட்டில் இருப்பதை முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிராளி தப்பென்று காட்டும்வரை சரியென்று, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். லோகோ, லேபிள்போல் பொருள்மேல் ஒட்டக்கூடியது என்றால் 2,000. வரைவதை எல்லாம் பதிவு செய்ய யாராலும் முடியாது. ஒரு புத்தகத்தின் முக்கியப் பாத்திரம், அடிக்கடி திருட்டுப்போகும் ஒரு தொடர் என்று பார்த்துச் செய்யுங்கள். தனக்குத்தானே ரிஜிஸ்டர் போஸ்ட் அனுப்பிக் கவரைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பென்சில் ஸ்கெட்சும் லேயர் கலையாத மூலக் கோப்பும் அதைவிட நல்ல சான்று.

“நானேதானே இன்ஸ்டாவுல போட்டேன். பப்ளிக்ல போட்டா ஃப்ரீதானே?”

கண்ணகி நகர் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. தெருவில் போகிற எல்லாரும் பார்க்கலாம், முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். அதற்காக அந்த ஓவியத்தை டீஷர்ட்டில் அடித்துப் பாண்டி பஜாரில் விற்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை கதை வேறு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் வரைந்தோ ஃபோட்டோ எடுத்தோ வெளியிடலாம் என்று சட்டத்திலேயே தனி விலக்கு இருக்கிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. இது தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்ஸ்டாவில் போட்ட படமும் கிட்டத்தட்ட அந்தச் சுவரோவியம்தான். எல்லாரும் பார்க்கலாம், உரிமை உங்களுடையது. ஆனால் ஒரு கிளைக்கதை உண்டு. கணக்கு திறக்கும்போது கீழே வரை தள்ளிவிட்டு ‘ஏற்கிறேன்’ என்று தட்டினோமே, அந்த விதிமுறையில் அந்த நிறுவனம் உங்கள் பதிவைப் பயன்படுத்த அனுமதி வாங்கிக்கொண்டுவிட்டது. பொதுவில் போடப்பட்ட பதிவுகளைத் தன் ஏஐ பயிற்சிக்கு எடுப்பதாக இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அங்குள்ள தனியுரிமைச் சட்டத்தால் ஆட்சேபணைப் படிவம் ஒன்று கிடைத்தது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மெட்டா எடுத்தால் ‘நீதானே அனுமதி கொடுத்தாய்’ என்பார்கள். மூன்றாவது ஆள் அங்கிருந்து உருவி எடுத்தால் அந்த அனுமதி அவருக்குப் பொருந்தாது.

“என் ஸ்டைலை அப்படியே அடிக்குதுக்கா. கேஸ் போடலாமா?”

ஸ்டைலுக்கு மட்டும் என்றால் முடியாது. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் ஊரே தன் கல்யாண ஃபோட்டோவை ஜப்பானிய கார்ட்டூன் பாணிக்கு மாற்றிப் போட்டதே, அப்போது எல்லாரும் கேட்ட கேள்வியும் இதுதான். யோசித்துப் பார்த்தால் இதில் நமக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஸ்டைலுக்கு உரிமை கொடுத்திருந்தால், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒருவர் கோடு போட்ட மாதிரி இன்னொருவர் போட்டிருக்க முடியாது. நாம் எல்லாரும் யாரையாவது பார்த்துத்தான் கை பழகினோம்.

ஸ்டைல் எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம். எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை காக்கையை வரைவதில் கெட்டிக்காரி. மின்கம்பியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி முதுகைக் கோதுகிற காக்கை, கீழே ஒரு நீல பிளாஸ்டிக் குடம், குடத்தின் வாயில் ஒரு விரிசல். இதே மூன்றும் அதே இடங்களில் ஒரு ஃபோன் கவரில் வந்தது. குடத்தின் விரிசல்கூட அதே கோணத்தில் இருந்தது. அவள் கையெழுத்து போடும் மூலையில் கையெழுத்துபோல் ஏதோ கிறுக்கல். இது ஸ்டைல் இல்லை, படத்தையே எடுத்ததுதான். ஏஐ செய்ததா, ஆள் செய்ததா என்பதுகூட இரண்டாவது விஷயம். விற்ற தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பினாள், கவர் காணாமல் போனது. இப்படிப் புகார் போனால் தளம் 21 நாள் அதை முடக்கிவைக்கவேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதுவே வெறும் ‘கருப்பு மசியில் வளைந்த கோட்டில் ஒரு காக்கை’ என்று வந்திருந்தால், அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

“அப்போ வெளியே வர்ற படத்தை விடுங்க. ட்ரெயினிங்குக்கு எடுத்ததே தப்புன்னு சொல்லலாமே? நம்ம சட்டம் என்ன சொல்லுது?”

சரியான கேள்வி. உள்ளே போனது ஒரு பிரச்சினை, வெளியே வந்தது வேறு பிரச்சினை என்று பிரித்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 14 படி, படைப்பை எந்த வடிவத்திலும் மறுபிரதி செய்வது உரிமையாளரின் கையில் இருக்கிறது. மின்னணு முறையில் சேமித்துவைப்பதும் அதில் அடங்கும். முதல் பதிலில் சொன்ன ‘இறக்கிக்கொள்வது’ இங்கேதான் இடிக்கும். பிரிவு 52 சில விலக்குகளைத் தருகிறது. சொந்த உபயோகம், அதில் ஆராய்ச்சியும் அடக்கம், விமர்சனம், செய்தி வெளியிடுவது என்று பட்டியல் போகிறது. அந்தப் பட்டியலில் ‘ஏஐ பயிற்சி’ இல்லை. ஜப்பான் 2018லும் சிங்கப்பூர் 2021லும் இதற்கென்றே சட்டத்தில் வழிவிட்டார்கள், நாம் அப்படிச் செய்யவில்லை. பயிற்சியையும் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லுக்குள் நுழைக்கலாமா, இயந்திரம் படிப்பது பிரதி எடுப்பதாகுமா என்றுதான் வாதம் நடக்கிறது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மேல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இதைத்தான் கேட்கிறது. நீதிமன்றம் உதவிக்கு அமர்த்திய இரண்டு நிபுணர்களும் ஒரே பதிலைச் சொல்லவில்லை என்றால் பாருங்கள்.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. முறையாக அணுகக் கிடைக்கும் படைப்புகளை ஏஐ நிறுவனங்கள் கேட்காமலே பயிற்சிக்கு எடுக்கலாம், பதிலுக்கு ராயல்டி கட்டவேண்டும், அதை ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் யோசனை. அது சட்டமல்ல, யோசனைதான். படித்துவிட்டு எனக்கு இரண்டு மனது. காசு வரும் என்கிறார்கள், நல்லது. ஆனால் ‘என் படத்தை எடுக்காதே’ என்று சொல்கிற வழி அதில் இல்லை. வசூலான பணம் ஒரு கம்பெனிப் பட்டியலுக்குப் போய்ச் சேர்வது சுலபம். வில்லிவாக்கத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து பாடப்புத்தகத்துக்குப் படம் போடுகிறவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

“ஃபாரின்ல ஒரு கேஸ்ல ஜெயிச்சு ஆளுக்கு ரெண்டரை லட்சம் வாங்கினாங்களாமே?”

பாதி உண்மை. அது ஓவியர்கள் வழக்கு இல்லை, எழுத்தாளர்கள் வழக்கு. ஏஐ மாடல் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025இல் 150 கோடி டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது, ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ஃபார்வர்ட் மெசேஜில் வராத பகுதி எது தெரியுமா? அதே வழக்கின் நீதிபதி, புத்தகங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தது அமெரிக்கச் சட்டப்படி நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே செய்யக்கூடியது, என்றே சொல்லிவிட்டார். திருட்டுத் தளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கிச் சேர்த்துவைத்ததுதான் மாட்டிக்கொண்டது. அதிலும் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட புத்தகங்களுக்குத்தான் பங்கு.

மற்ற இடங்களிலும் கலவையாகத்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் லண்டனில் ஃபோட்டோ விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம், படம் வரையும் ஏஐ செய்யும் ஸ்டெபிலிட்டி ஏஐ மேல் போட்ட வழக்கில் பெரும்பகுதி தோற்றது. மாடல் என்பது படங்களின் பிரதி ஆகாது என்றது அந்த நீதிமன்றம். அதே மாதம் ஜெர்மனியில் மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகளை மாடல் மனப்பாடம் செய்து வைத்திருப்பதே மீறல்தான் என்று இசைக் கலைஞர்கள் அமைப்பின் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஒரு வார இடைவெளியில் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. ஓவியர்கள் தாங்களே சேர்ந்து போட்ட வழக்கு ஒன்று 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. நான் கவனித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

“கம்பெனி அமெரிக்காவுல இருக்கு. நான் சூளைமேட்டுல இருந்துகிட்டு என்ன பண்ண முடியும்?”

பதிப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், பிரிவு 62 அந்தச் சலுகையைத் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் பயிற்சி நடந்த சர்வர் வெளிநாட்டில் இருந்தால் இந்தியச் சட்டம் அங்கே எட்டுமா என்பதே முதல் சண்டையாகிவிடும். ஒற்றை ஆளாகப் போய் நிற்பதைப் பற்றி நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். நம் கை எட்டுகிற இடம் வேறு. அடுத்த கேள்வி அதுதான்.

“பதிப்பகத்துக்கு வித்துட்டேன். இனிமே அவங்க அதை ஏஐ கம்பெனிக்கு வித்தா நான் கேக்க முடியுமா?”

என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. இதில் நானே சூடுபட்டவள். 2019இல் ஒரு பதிப்பகத்துக்கு நாற்பத்திரண்டு படங்கள் வரைந்து கொடுத்தேன். மூன்று பக்க ஆங்கில ஒப்பந்தம். முன்பணம் வரவேண்டும் என்ற அவசரத்தில், நடுவில் இருந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ‘இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்பது அதன் சாரம். நான்கு வருடம் கழித்து அவர்கள் புதிய புத்தகத்தில் என் ஆட்டுக்குட்டி வந்தது. நான் வரையாத ஆட்டுக்குட்டி. காது மட்டும் என்னுடையது. கேட்டபோது, ‘உங்க பழைய படங்களைக் கொடுத்து ஒரு டூல் செட் பண்ணிக்கிட்டோம் மேடம், அக்ரிமென்ட்ல இருக்கே’ என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அப்புறம்தான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, 2012 திருத்தத்தில் பிரிவு 18இல் சேர்த்த வரி. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதை ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லாதவரை அந்த ஒப்பந்தம் செல்லாது. ‘இனி வரப்போகும் எல்லாம்’ என்று மொத்தமாக எழுதுவது ‘குறிப்பாகச் சொல்வது’ ஆகாது என்று நான் வாதிடுவேன். எதிராளியும் வாதிடுவார். ஆனால் பேச ஒரு பிடி கிடைத்தது. வக்கீல் நோட்டீஸ் இல்லாமல், இந்தப் பிரிவை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பில் ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டார்கள். பணம் ஒன்றும் வரவில்லை.

அதிலிருந்து என் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரு வரி போடுகிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘இந்தப் படங்களை எந்தச் செயற்கை நுண்ணறிவு மாடலுக்கும் பயிற்சி கொடுக்கவோ, அதன் தரவுத்தொகுப்பில் சேர்க்கவோ, அதற்காக மூன்றாமவருக்குத் தரவோ இந்த ஒப்பந்தம் அனுமதி தரவில்லை. அதற்குத் தனியாக எழுத்து ஒப்பந்தமும் தனிக் கட்டணமும் வேண்டும்.’ பத்துப் பேரிடம் கொடுத்தால் ஏழு பேர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுகிறார்கள், இரண்டு பேர் ஏன் என்று கேட்கிறார்கள். மீதி ஒருவரிடம் நான் வேலை செய்வதில்லை.

“அக்ரிமென்ட்டா? எங்க ஃபீல்டுல எல்லாமே வாட்ஸ்அப்ல ‘ஓகே ப்ரோ’தான். நான் போஸ்டர் டிசைனர்.”

மேலே சொன்னபடி உரிமை மாற்றத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ‘ஓகே ப்ரோ’வில் உரிமை போய்விடாது என்று சந்தோஷப்படலாம். முழுசாகப் படவேண்டாம். காசு கொடுத்து ஒருவர் சொல்லி எடுக்கும் ஃபோட்டோ, வரையும் ஓவியம், உருவப்படம் ஆகியவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. சம்பளத்துக்கு இருப்பவர் வேலை நேரத்தில் செய்ததும் முதலாளிக்கே. பேசாமல் இருந்தால் உங்களுக்குச் சாதகம் என்று எப்போதும் நினைக்காதீர்கள்.

பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைபவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. பத்திரிகை முதலாளிக்குக் கிடைப்பது பத்திரிகையில் வெளியிடுகிற உரிமை மட்டும்தான், மற்றதெல்லாம் வரைந்தவருக்கே என்று அதே பிரிவு சொல்கிறது. வார இதழ்களில் முப்பது வருடம் தொடர்கதைக்குப் படம் போட்ட பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ‘இப்ப சொல்றியேம்மா’ என்றார்.

ஒப்பந்தம் கேட்டால் வேலை போய்விடும் என்கிறவர்கள் பில்லில் எழுதுங்கள். தொகைக்குக் கீழே, ‘திரைப்படத்தின் போஸ்டர், விளம்பரத்துக்கு மட்டும், ஏஐ பயிற்சிக்கு அனுமதி இல்லை’. அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு அது ஈடாகாது. ஆனால் பில்லை வாங்கிப் பணமும் கொடுத்தவர், தனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்வது கஷ்டம்.

“நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். என் குரலுக்கு காப்பிரைட் இருக்கா?”

குரலுக்கு இல்லை. நீங்கள் பேசி நடித்த நிகழ்த்துதலுக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு, 50 வருடம். உங்கள் பதிவை எடுத்துப் பயிற்சிக்குப் போட்டால் அதைப் பிடித்துப் பேசலாம். பதிவைத் தொடாமல் உங்களைப்போல் பேச வைத்தால், ஆளுமை உரிமை என்ற வழிதான், ஒருவர் பெயர், உருவம், குரலை மற்றவர் கேட்காமல் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை அது. 2015இல் ரஜினிகாந்த் பெயர், உருவம், பேசும் பாணி தொடர்பாக சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குத் தடையுத்தரவு கொடுத்தது. 2024இல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் போலி செய்யக்கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இருவரும் ஊரறிந்தவர்கள். கோடம்பாக்கத்தில் கூட்டத்தில் ஒரு குரலாக ‘விடாதே, பிடி’ என்று கத்திவிட்டுப் போகிறவருக்கு அதே பாதுகாப்பு கிடைக்குமா என்பது வேறு விஷயம். ஆகவே உங்களுக்கும் ஒப்பந்த வரிதான் கவசம், ‘படங்கள்’ என்பதைக் ‘குரல்பதிவு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

முறையாகச் செய்யமுடியும் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் 2024இல் ஒரு பாட்டில் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாகச் சொன்னார்.

“க்ளேஸ், நைட்ஷேட் போட்டுட்டா நிம்மதியா இருக்கலாமா?”

இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த இலவச மென்பொருள்கள். 2023இல் வந்த க்ளேஸ், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மாற்றங்களைப் படத்தில் செய்து, உங்கள் பாணியை மாடல் தப்பாகப் புரிந்துகொள்ள வைக்கும். 2024இல் வந்த நைட்ஷேட் கொஞ்சம் ஆக்ரோஷமானது, மாட்டைப் பை என்று படிக்க வைக்கும். என் பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்குக் க்ளேஸ் போட்டுவிட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். தட்டையான நிறம் நிறைய இருக்கும் படத்தில் புகை படிந்ததுபோல் தெரியும். இந்தப் பூச்சை உரித்தெடுக்க முடியும் என்று 2025இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். பூட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், போடாமல் விடுவதைவிடப் போடுவது மேல்.

சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) ஜிபிடிபாட் (GPTBot), சிசிபாட் (CCBot), கூகுள்-எக்ஸ்டெண்டட் (Google-Extended) ஆகிய சேகரிப்பு நிரல்களின் பெயர்களைத் தடுத்து எழுதலாம். அது ‘உள்ளே வராதீர்கள்’ என்ற பலகை மட்டும், நாணயமானவர்கள் மதிப்பார்கள். என் வழக்கம் எளிது. பெரிய அளவுப் படத்தை இணையத்தில் போடவே மாட்டேன். பெயரும் ஆண்டும் கோப்புக்குள் இருக்கும் விவரத்திலேயே எழுதிவிடுவேன். அந்த உரிமை விவரத்தை வேண்டுமென்றே அழிப்பது பிரிவு 65பி-யில் தனிக் குற்றம்.

“என் படம் உள்ளே போயிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பெரும்பாலும் முடியாது. லயான்போல் வெளிப்படையான பட்டியலில் தேடிப் பார்க்க வழி இருந்தது, பெரிய நிறுவனங்கள் தங்கள் பட்டியலைக் காட்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஆகஸ்டு முதல் பயிற்சித் தரவின் சுருக்கத்தை வெளியிடவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சுருக்கத்தில் உங்கள் பெயரைத் தேடாதீர்கள், எந்தெந்த மாதிரி இடங்களிலிருந்து எடுத்தார்கள் என்ற அளவுதான் இருக்கும்.

“நானே ஸ்கெட்சுக்கு ஏஐ யூஸ் பண்றேன். நான் இதைப் பத்திப் பேசலாமா? அந்தப் படம் யாருது?”

பேசலாம். பஸ்ஸில் போகிறவர் டிக்கெட் விலையைப் பற்றிப் பேசுவதில்லையா?

படம் யாருடையது என்பதுதான் சிக்கல். கணினி உருவாக்கிய படைப்பில், அதை உருவாக வைத்தவரே ஆசிரியர் என்று நம் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த ஏஐ எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன் எழுதியது. ராகவ் என்ற ஏஐ செயலியை இணை ஆசிரியராகக் காட்டிய ஓர் ஓவியத்துக்கு 2020இல் நம் பதிப்புரிமை அலுவலகம் பதிவு கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. மனிதர் கை இல்லாமல் ஏஐ மட்டுமே செய்ததற்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2025இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் கைவேலை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் தைரியமாக உரிமை கோரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘முழு உரிமையும் உங்களுக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உங்களிடமே இல்லாததை விற்றதாக மாட்டிக்கொள்ளாதீர்கள்.

“எங்கம்மா போடற கோலத்தை ஃபோட்டோ எடுத்துப் போடறேன். அதை எடுத்தா யாரு கேக்கறது?”

எல்லா வாசலிலும் போடும் பழைய சிக்குக் கோலத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது, அது ஊர்ச் சொத்து. பாரதியாரின் பாட்டுபோல. அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது அந்தப் பெயரைச் சொல்லி விற்பதைக் காக்கும், ஏஐ பார்த்துப் பழகுவதைத் தடுக்காது. ஆனால் அம்மா புள்ளி எண்ணிக்கை மாற்றித் தானாக யோசித்துப் போட்ட கோலம் என்றால், கோலம் அவருடையது, ஃபோட்டோ உங்களுடையது. அடுத்த தடவை போடும்போது அம்மா பெயரையும் போடுங்கள்.

“ஒரு கம்பெனி மெயில் அனுப்பியிருக்கு. படத்துக்கு இவ்வளவுன்னு தர்றாங்களாம், ட்ரெயினிங்குக்குக் குடுக்கச் சொல்றாங்க. குடுக்கலாமாக்கா?”

கொடுப்பது பாவம் இல்லை. இத்தனை நாள் கேட்காமல் எடுத்தார்களே என்றுதான் சண்டை, கேட்டு வருகிறவரிடம் பேசலாம். ஆனால் இது அட்டைப்படம் விற்பது மாதிரி இல்லை. முதல் பதிலில் சொன்ன எண்கள் ஒருதடவை திருந்திவிட்டால், உங்கள் படத்தை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுப்பது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம். ஒப்பந்தம் மூன்று வருடத்தில் முடிந்தாலும் மாடல் மறக்காது. அதனால் ஒரு புத்தகத்துக்குச் சொல்லும் விலையை இதற்குச் சொல்லாதீர்கள்.

எனக்கும் அப்படி ஒரு மெயில் வந்தது. மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். ஒரே மாடலுக்கா, அடுத்தடுத்து வருகிற எல்லாவற்றுக்குமா? என் பெயரைத் தட்டச்சு செய்தால் என் பாணியில் படம் வருமா, வராதா? நாளைக்கு உங்கள் நிறுவனத்தை வேறொருவர் வாங்கினால் என் படங்கள் யாரிடம் இருக்கும்? இரண்டு நாளில் பதில் வந்தது. முதல் கேள்விக்கு ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். மற்ற இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கீழே வங்கிக் கணக்கு விவரம் கேட்டு ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். அது இன்னும் என் இன்பாக்ஸில்தான் கிடக்கிறது, நிரப்பவில்லை.